பெனடிக்ற் சேரின் நாயனங்கள்

லாப் அற்றன்டன் என்கிற ஆய்வுகூட உதவியாள் வேலை என்பது, இன்னொருவர் பார்ப்பதற்காகக் கண்ணாடியைத் துடைத்து வைக்கிற வேலை. துடைத்தவனுக்கு அதில் என்ன தெரிந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஒரு ஆளின் பின்னால் நின்று, அவர் ஒருக்கால் திரும்பிப் பார்ப்பாரா என்று காத்தவர்கள் உங்களில் கனபேர் இருப்பீர்கள். தொழில் வேறாக இருக்கலாம், கால் நோவு ஒன்றுதான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அளவெட்டியில் தோட்டக்காரக் குடும்பம். பல்கலைக்கழகத்து விலங்கியல் பகுதியில் அற்றன்டனாகச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து வெளியே வந்தேன். அங்கே நான் கூட நின்றது பெனடிக்ற் சேரோடு. குருநகர்க் கடற்றொழில் குடும்பத்துப் பிள்ளை, என்னிலும் இளையவர், கல உயிரியல், அதாவது செல்களைப் பற்றிப் படித்து, அங்கேயே படிப்பித்தவர். இன்றைக்கு வெளிநாட்டில் பெரிய ஆள். ஒரு கலம் வெட்டுப்பட்டால் தன்னைத் தானே எப்படித் திருத்துகிறது என்று உலகத்தில் யார் எழுதினாலும் சேருடைய பெயரைப் போட்டுத்தான் எழுத வேண்டுமாம். அந்தப் பெயர் வளர்ந்தது எங்கள் ஊர் அம்மன் கோயில் கேணித் தண்ணீரில். எனக்கு அவர் மேல் கோபம் உண்டு. நான் லேசில் கோபம் விடுகிற ஆளும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நாயனம்

சண்டைக் காலத்தில் எங்களுக்கு மின்சாரம் இல்லை. பெரிய சாமான்கள் எல்லாம் உறை போட்டபடி கிடந்தன. சேர் மேசையை யன்னலோரம் இழுத்துப் போட்டு, நுணுக்குக்காட்டியின் அடியில் இருக்கிற கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பி வைத்து வேலை செய்தார். மேகம் வந்தால் ஆராய்ச்சி நின்றுவிடும். மின்சாரமும் கேட்காத, குளிர்ப்பெட்டியும் கேட்காத ஒரு உயிரைத் தேடித் தேடிக் கடைசியில் எங்கள் கேணித் தண்ணீரில் கண்டுபிடித்தார். ஸ்ரென்ரர் என்று பெயர். ஒரே ஒரு கலம்தான், ஆனால் வெறுங் கண்ணுக்கே ஊசிமுனை அளவில் நீலப் புள்ளியாகத் தெரியும்.

ஒருநாள் "பாருங்கோ அண்ணை" என்று கதிரையை விட்டு எழும்பி எனக்கு இடம் தந்தார். அதுவரைக்கும் எந்தச் சேரும் எனக்கு இடம் விட்டு எழும்பியதில்லை. குனிந்து பார்த்தால் உள்ளே நாயனம். அடி மெலிந்து, வாய் அகன்று, எங்கள் ஊர்த் திருவிழாவில் ஊதுகிற அதே நாயனம். மேசையில் தட்டினால் சட்டென்று சுருண்டு உருண்டையாகும். சும்மா விட்டால் மெல்ல மெல்ல நீளும். சேர், கண்ணாடியை உருக்கி இழுத்த ஒரு ஊசியால் அதை இரண்டாக அரிந்தார். மறுநாள் ஒருவரும் வருமுன் போய்ப் பார்த்தேன். இரண்டு நாயனங்கள் நின்றன. சின்னன்தான், ஆனால் இரண்டும் முழுசு.

அன்று பின்னேரம் எங்கள் ஒழுங்கையில் இருந்த நாதஸ்வர வித்துவானிடம் போய் இந்தப் புதினத்தைச் சொன்னேன். அவர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிவிட்டு யோசித்தார். "உன்ரை சேரிட்டைக் கேட்டுப் பார் கனகு, என்ரையையும் ஒருக்கா வெட்டித் தருவாரோ எண்டு. மூத்தவனுக்கு ஒண்டு வேணும்."

துடக்குக்கு வந்தவர்

நாயனங்களுக்குக் கேணித் தண்ணீர்தான் ஒத்துவந்தது. பல்கலைக்கழகக் கிணற்றுத் தண்ணீரில் விட்டால் இரண்டு நாளில் கரைந்து போகும். அதனால் நான்தான் சைக்கிள் கரியரில் பிளாஸ்டிக் கானைக் கட்டித் தண்ணீர் கொண்டு போவேன். சேருடைய முக்கியமான வேலை பாதியில் நிற்கும்போது என் பெரியப்பா செத்துப்போனார். முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. வேலைக்குப் போகலாம், கோயில் கேணிப் படியில் கால் வைக்க முடியாது. "வேறை ஆரையும் அனுப்பேலாதோ அண்ணை?" என்று சேர் கேட்டார். ஒழுங்கை முழுக்கப் பங்காளிகள். எல்லாருக்கும் துடக்கு.

கடைசியில் சேர் கானை வாங்கிக்கொண்டு தானே போனார். காற்சட்டையை முழங்கால் மட்டும் மடித்து, கழுத்துச் சங்கிலிச் சிலுவை வெளியே தொங்க, படியில் குனிந்து கானை அமுக்கிக்கொண்டிருந்தபோது குருக்கள் கண்டுவிட்டார். ஆர் நீங்கள், என்ன விஷயம் என்று கேட்டிருக்கிறார். சேருக்கு ஆராய்ச்சியை எங்கே தொடங்கி விளங்கப்படுத்துவது என்று தெரியவில்லை. "கனகண்ணையின்ரை துடக்குக்கு வந்தனான், ஐயா" என்றிருக்கிறார். குருக்கள் மறிக்கவில்லை. கீழ்ப்படி பாசி வழுக்கும், பார்த்துக் கால் வையுங்கோ என்று மட்டும் சொன்னாராம்.

துடக்குக் கழிந்து நான் கோயிலுக்குப் போனபோது குருக்கள் திருநீற்றைத் தந்துகொண்டே சொன்னார்: "துடக்கெண்டு கோயிலுக்கு வராமல் நிண்டவையைக் கண்டிருக்கிறன் கனகு. துடக்கெண்டு கோயிலுக்கு வந்த ஆளை இப்பதான் கண்டனான்."

பெறாமக்கள்

அந்தப் பெரியப்பாவின் மரண அறிவித்தல் பேப்பரில் வந்தது. எங்கள் பக்கத்து அறிவித்தல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அன்புக் கணவரும், பாசமிகு தந்தையும் என்று தொடங்கி மருமக்கள், பேரப்பிள்ளைகள், பெறாமக்கள், அதுதான் அண்ணன் தம்பி பிள்ளைகள், என்று இறங்கி வரும். லண்டனில் இருக்கிற பெறாமகன் இருந்தான். கனடாவில் இருக்கிற பெறாமகன் இருந்தான். எவரும் முகம் கண்டிராத ஜேர்மன் பெறாமகனும் இருந்தான். அதே ஒழுங்கையில் இருந்து, பாடைக்குத் தோள் கொடுத்த நான் இல்லை. எழுதிக் கொடுத்தது பெரியப்பாவின் மகன். முப்பத்தொரு நாள் துடக்கில் மட்டும் என்னை மறக்காமல் சேர்த்துக்கொண்டான். அன்றிலிருந்து அவனோடு எனக்குக் கதை இல்லை.

இதை நான் சேரிடம் சொன்ன நேரம் சேரும் ஒரு கோபத்தில் இருந்தார். அவர் முதலில் எழுதின ஒரு சின்ன ஆராய்ச்சிப் பேப்பரை யாரோ ஒரு பேராசிரியர் பாவித்துவிட்டு, சேருடைய பெயரைப் போடாமல் விட்டுவிட்டாராம். "உங்கடை மரண அறிவித்தல் மாதிரித்தான் அண்ணை. ஒருத்தர் புதுசா ஒண்டு எழுதினால், ஆர் ஆரின்ரை வேலையிலை இருந்து அது வந்தது எண்டு கடைசியிலை பேர் போட வேணும். சைற்றேஷன் எண்டு சொல்லுறது" என்றார்.

"அப்ப இதிலை செத்தவர் ஆர், சேர்?"

"ஒருத்தரும் சாகேல்லை அண்ணை. உயிரோடை இருக்கேக்கையே போடுறதுதான்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. இந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் இருந்தபடியால் அவருக்குப் புத்தியும் சொன்னேன். இனி அந்தப் பேராசிரியரோடு கதைக்கக் கூடாது. அவருடைய வீட்டு நன்மை தீமைக்குப் போகக் கூடாது. ரோட்டில் எதிரே வந்தால் சைக்கிளை மற்றப் பக்கத்துக்கு வெட்டிக்கொண்டு போக வேண்டும். அவர் வீட்டுக் கலியாணத்துக்குச் சொல்லி அனுப்பினாலும் சாப்பாட்டுக்கு இருக்கக் கூடாது. சேர் பேனையைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் மரியாதையாகக் கேட்டார். "செய்யலாம் அண்ணை. ஆனால் அந்தாள் இருக்கிறது ஜப்பானிலை."

மடியில் வைத்த போத்தல்

சண்டை முடிந்த பிறகு, யன்னலோரத்து வெயிலில் செய்த அந்த வேலை பெரிய பேப்பராக வெளியே வந்தது. வெட்டுப்பட்ட பாதிக்குத் தன்னில் எந்தப் பாதி இல்லை என்று எப்படித் தெரிகிறது என்பதுதான் அதில் விஷயம் என்று சேர் எனக்குச் சொன்னார். வெளிநாட்டில் ஒரு ஆய்வுகூடத்தில் இருந்து அழைப்பு வந்தது. இரண்டு வருட லீவு. போகிற கிழமை அவர் நாயனங்களைப் பிரித்தார். கொஞ்சம் தனக்கு, மிச்சம் எனக்கு.

கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட நானும் போனேன். சூட்கேசை மேலே போட்டார், ஆனால் அந்தப் போத்தலைத் துணியால் வாய் கட்டி மடியில் வைத்துக்கொண்டார். நான் பஸ் யன்னலுக்குக் கீழே நின்றேன். கிழமைக்கு ஒரு அவித்த அரிசிப் பருக்கை போதும், அதற்கு மேல் போட்டால் தண்ணீர் நாறும், நேர் வெயிலில் வைக்கக் கூடாது என்று சொன்னார். எல்லாம் எனக்குத் தெரிந்தவை. எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். வேறு என்ன கதைப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியாமல் இருந்தபடியால் அவர் திரும்பவும் முதலில் இருந்து சொன்னார், நானும் திரும்பவும் தலையாட்டினேன். பஸ் வெளிக்கிட்டபோது எட்டிப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்: "உதுகளைச் சாக விட்டிடாதையுங்கோ அண்ணை. நான் வந்து கேப்பன்."

நீலத் தடிகள்

இரண்டு வருடம் போனது. லீவு நீண்டது. பிறகு லீவு என்ற பேச்சும் நின்று, அவருடைய அறை அவருடைய மாணவி தர்சினி மிஸ்ஸுக்குப் போனது. முதலில் சேர் அடிக்கடி ஃபோன் எடுப்பார். முதல் கேள்வி நாயனங்கள் சுகமா, அடுத்த கேள்வி நான் சுகமா. பிறகு நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, மட்டும் எடுத்தார். பிறகு நத்தார் மட்டும் வந்தது.

தர்சினி மிஸ்ஸின் கம்பியூட்டரில் சேருக்கென்று ஒரு பக்கம் இருந்தது. மேலே அவருடைய படம், பக்கத்தில் வருடத்துக்கு ஒன்றாக நீலத் தடிகள். அந்த வருடம் எத்தனை பேர் சேருடைய பெயரைப் போட்டு எழுதினார்கள் என்பதை அந்தத் தடி காட்டும். மேசை துடைக்கிற சாட்டில் நான் போய் நிற்பேன். மிஸ் கேட்காமலே அந்தப் பக்கத்தை எடுத்து விடுவார். ஒவ்வொரு வருடமும் தடி உயர்ந்தது. படத்தில் சேருடைய தலை வெளுத்தது. எனக்குப் பெருமையாகவும் இருக்கும், பற்றிக்கொண்டும் வரும். உலகம் முழுக்க இவரைச் சொந்தம் கொண்டாடுகிறது. நான் ஒரு ஆள், யன்னலோரத்தில் அவருடைய பழைய கதிரையில் யாரையும் இருக்க விடாமல் போத்தல் கழுவுகிற பிரஷ்களை அடுக்கி வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "மிஸ், உதிலை அவர் எப்ப வருவார் எண்டு போட்டிருக்கே?"

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. "உது சேரை ஆர் ஆர் நினைக்கினம் எண்டுதான் காட்டும், கனகண்ணை. சேர் ஆரை நினைக்கிறார் எண்டு காட்டாது."

காகமும் போத்தலும்

நான் வேலையில் இருந்து இளைப்பாறினபோது நாயனங்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மிஸ்ஸிடம் கேட்டுவிட்டுத்தான். லாப்பில் அப்போது எல்லாம் புதுச் சாமான், ஏசி, புது ஆராய்ச்சி. சேர் எனக்குத் தந்ததை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போக எனக்கு மனமும் வரவில்லை. இரண்டு ஜாம் போத்தல், சமைக்கிற குசினியின் யன்னல் திண்டில் வைத்தேன்.

அந்த நேரம்தான் பெரியப்பாவின் மகன், அவனும் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தான், வந்து கோயில் கேணியைத் திருத்திக் கட்டினான். சுற்றிவர ரைல்ஸ், உள்ளே நீலப் பூச்சு, கிழமைக்கு ஒருக்கால் பிளீச்சிங் பவுடர். திறப்பு விழாவுக்கு நான் போகவில்லை. பிறகு ஒருநாள் ஆள் இல்லாத நேரம் போய் ஒரு கிளாஸில் தண்ணீர் அள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரித் தண்ணீர். ஒரு அசைவும் இல்லை. அவன் என்னை அறிவித்தலில் இருந்து எடுத்தான், நாயனங்களைக் கேணியில் இருந்து எடுத்துவிட்டான். இரண்டையும் நான் மறக்கவில்லை. மழைத் தண்ணீர் பிடித்துச் சமாளித்தேன். ஒரு மாரியில் ஒரு போத்தல் முழுக்கச் செத்தது. ஏன் என்று இன்றைக்கும் தெரியாது. மற்றதில் நாலைந்து மட்டும் மிஞ்சி, அவையும் இன்றோ நாளையோ என்று நின்று, பிறகு எப்படியோ பெருகின.

எங்கள் வீட்டில் சனிக்கிழமை விரதம். சோறு இறக்கினதும் என் மனிசி முதலில் காகத்துக்கு ஒரு பிடி வைப்பாள். போத்தலுக்கும் சனிக்கிழமைதான் பருக்கை. காகத்துக்கு வைத்த கையோடு அவளே எடுத்துத் தருவாள். அவள் சேரைப் பற்றி ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. ஒரு சனிக்கிழமை மட்டும், நான் பருக்கையை விட்டுவிட்டுப் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துக் கன நேரம் நிற்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "காகமெண்டாலும் கூப்பிட வருகுது."

தபால்

போன வருடம் வாட்ஸ்அப்பில் ஒரு அழைப்பு. தெரியாத நம்பர். எடுத்தால் பெனடிக்ற் சேர். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது, மற்றப்படி அதே குரல். சுகம் கேட்டார். மனிசியைக் கேட்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார். அங்கே அவருடைய நாயனங்கள் எல்லாம் செத்துப்போயிற்றாம். யாருக்கும் காரணம் தெரியவில்லை. அவர் முன்பு கொடுத்த இடங்களில் விசாரித்தால் அங்கேயும் இல்லையாம். வேறு நாட்டுக் குளங்களில் பிடித்தவை வேறு மாதிரி நடக்கின்றனவாம். தொடங்கின வேலையை முடித்துவிட்டுத்தான் இளைப்பாற வேண்டும் என்று நினைத்திருந்தாராம், கேணியில் எடுத்த அந்த இனம் இல்லாமல் முடியாதாம். தர்சினி மிஸ்தான் போத்தல் என்னிடம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்.

"ஒரு சின்னக் குப்பியிலை தபாலிலை அனுப்பிவிடுறியளே அண்ணை? மிஸ் ஒழுங்கு செய்வா."

வந்து கேட்பேன் என்று போன ஆள், வருகிற பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் கேட்டது என்னிடம்தான். போத்தல் எனக்கு முன்னால் யன்னலில் இருந்தது.

"தபாலிலை அனுப்பேலாது சேர். வழியிலை செத்துப்போம்" என்றேன்.

சேர் அவசரப்படாமல் கதைத்தார். "அண்ணை, நான் உதுகளை எத்தினையோ நாட்டுக்குத் தபாலிலைதான் அனுப்பினனான். என்னை வரச் சொல்லுறியள் எண்டால், வா எண்டு சொல்லுங்கோவன்."

பாதி

நான் வா என்று சொன்னேனா இல்லையா என்பது எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. ஆனால் அவர் வந்தார்.

அவர் வந்தால் சொல்ல வேண்டும் என்று நான் எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தேன். இரண்டு வருடம் என்றது, நத்தார், பழைய கதிரை, எல்லாம். வாடகை வானில் இருந்து இறங்கின ஆளைப் பார்த்தால் படத்தில் இருந்ததிலும் வயது போயிருந்தது. சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, இருங்கோ என்று மனிசி போட்ட கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு நேரே குசினி யன்னலுக்குப் போனார். பொக்கற்றுக்குள் இருந்து ஒரு உருப்பெருக்குக் கண்ணாடி எடுத்தார். குனிந்தபோது அது போத்தலில் தட்டுப்பட்டது. உள்ளே எல்லாம் சுருண்டு உருண்டைகளாகிவிட்டன.

சேர் அசையாமல் இருந்தார். நானும் பக்கத்தில் வாய் திறக்காமல் நின்றேன். சத்தம் போட்டால் அவை நீளாது. கொஞ்ச நேரத்தில் ஒன்று மெல்ல நீண்டது, பிறகு இன்னொன்று, பிறகு போத்தல் முழுக்க நாயனம். சேர் எழும்பி நின்று "பாருங்கோ அண்ணை" என்று எனக்கு இடம் விட்டார். நான் இருந்து பார்த்தேன். பார்த்து முடிந்து எழும்பினபோது, வரிசையாக வைத்திருந்த கோபத்தில் எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை.

குருநகரில் தங்கையின் வீட்டில் தங்கி, ஒவ்வொரு நாளும் காலையில் எங்கள் குசினிக்கு வந்தார். புதுக் கேணியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து கிளாஸில் அள்ளிவந்த தண்ணீரை முற்றத்தில் ஊற்றிவிட்டுத் தேத்தண்ணி குடித்தார். ஒருநாள், "அடுத்த பேப்பரிலை உங்கடை பேரைப் போடப் போறன். என்ன முறையெண்டு போட?" என்று கேட்டார். "பெறாமகன் எண்டு போடுங்கோ" என்றேன். அவருக்குத் தேத்தண்ணி புரைக்கேறிவிட்டது. என் மனிசி உச்சியில் தட்டிவிட்டாள்.

வெளிக்கிடுகிற அன்று, மிஸ் எடுத்துத் தந்த அனுமதிக் கடுதாசிகள் எல்லாம் சரியாக இருந்தன. சேர் கொண்டுவந்த குப்பியில் நான் போத்தலைச் சரித்து ஊற்றினேன். பாதியில் நிறுத்தி மூடியைப் போட்டேன்.

"பாதிதானே தாறியள் அண்ணை?"

"வெட்டினால் ரெண்டும் முழுசாகும் எண்டு காட்டினது நீங்கள்தானே சேர்."

சேர் குப்பியைத் துணியில் சுற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அங்கை உதுகள் பிறகும் செத்தால், நான் பிறகும் வர வேண்டி வரும். அது உங்களுக்கு நல்லாத் தெரியும்."

தெரிந்தபடியால்தான் இப்போதும் சனிக்கிழமைகளில் காகத்துக்கு ஒரு பிடியும் மிச்சப் பாதிக்கு ஒரு பருக்கையும் வைத்துவிட்டு, ஊர் உலகமெல்லாம் பெயர் போட்டு எழுதுகிற அந்த மனிதரின் கையில் நாயனங்கள் மட்டும் கனகாலம் தங்கக் கூடாது என்று அம்மனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.